கறுப்பு என்று எழுதிய பதின்மூன்று பேர்

ஆகஸ்ட் 6

வாசித்தல் தேர்வுக்குக் கேள்வி எழுதும் அம்மையாருக்கு,

மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருத்தி எழுதுவது. உங்கள் அலுவலகத்துக்குத் தினம் நூறு புகார் வரும், இதையும் அந்தக் கட்டுக்குள் சொருகிவிட வேண்டாம். உறை மேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். ஆமாம், உன் அக்காதான்.

போனில் கூப்பிட்டால் இரண்டாவது நிமிடத்தில் நம்மில் ஒருத்தி வைத்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

கேள்வித்தாளைப் பிரித்த அன்றே நீ எழுதியது என்று தெரிந்துவிட்டது. "மழை விடுவதாக இல்லை, அவளும் விடுவதாக இல்லை." இப்படி எழுத வேறு யார் இருக்கிறார்கள்? ஒரு சிறுமி மழையில் மாட்டிக்கொள்கிறாள். பள்ளி வாசலில் யாரோ சாய்த்து வைத்த குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். மறுநாள் யாரும் வரும் முன்னே அதே இடத்தில் வைத்துவிடுகிறாள். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல கதைதான். கேள்விகள்தான் அநியாயம்.

நான்காம் கேள்வி: குடை என்ன நிறம்? பக்கத்திலேயே பெரிதாகக் கறுப்புக் குடைப் படம். என் பிள்ளைகளில் பதின்மூன்று பேர் "கறுப்பு" என்று எழுதினார்கள். மூன்றாவது வரியில் நீலம் என்று இருக்கிறதாம், எல்லாருக்கும் சுழி. எட்டு வயதுப் பிள்ளையை இப்படியா ஏமாற்றுவது?

ஏழாம் கேள்வி: அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை? பயம், வெட்கம், மறதி, கோபம். இதில் வெட்கம் மட்டும்தான் சரியாம். ஏன், பயம் இருக்கக் கூடாதா?

விளைவைக் கேள். தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு மதிப்பெண் பட்டியலை மேஜை மேல் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "நீங்க கதை சொல்றது பக்கத்துத் தெரு வரைக்கும் கேக்குது. மார்க்குல மட்டும் கேக்கலையே" என்றார். தினமும் கடைசிப் பீரியடில் நான் நடத்தும் கதை நேரம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதில் மாதிரி வினாத்தாள் பயிற்சி. டிசம்பர் தேர்வு முடிந்துதான் மறுபேச்சாம்.

இரண்டு வருடத்துக்கு முன் வருடத்தின் நடுவில் உன் வகுப்பை அப்படியே போட்டுவிட்டுப் போனாய். நம் இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருந்த மரத்தடுப்பை எடுத்துவிட்டு அறுபத்தொரு பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து மூன்று மாதம் கத்தினேன். தொண்டை இன்னும் பழையபடி ஆகவில்லை. அப்போது உன்னை ஓடிப்போனவள் என்றேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவில்லை. ஓடிப்போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு என் வகுப்பில் ஏன் கல் எறிகிறாய் என்பதுதான் இன்றைய கேள்வி.

அக்கா

ஆகஸ்ட் 13

அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பக்கத்து மேஜைக்காரர் "ஏதாவது கெட்ட சேதியா?" என்று கேட்டார். எங்க அக்கா என்றேன். புரிந்துகொண்டு எழுந்து போய்விட்டார்.

ஏழாம் கேள்வியைப் பற்றி நீ சொல்வதில் நியாயம் இருக்கலாம். யோசிக்கிறேன்.

நான்காம் கேள்வியில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் போட்டது நான்தான். வரியை வாசித்த பிள்ளை நீலம் என்று எழுதும். வாசிக்க முடியாத பிள்ளை படத்தைப் பார்க்கும், பார்த்துக் கறுப்பு என்று எழுதும். அது ஏமாற்று வேலை இல்லை அக்கா. அதைக் கண்டுபிடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் வகுப்பில் பதின்மூன்று பேர் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் யார் யார் என்று உனக்குத் தெரியுமா? மதிப்பெண்ணைக் கேட்கவில்லை. பெயரைக் கேட்கிறேன்.

நீ கதை படிக்கும்போது பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து நானே கேட்டிருக்கிறேன். ஆனால் படிப்பது நீ. அவர்கள் கேட்கிறார்கள். கேட்பதையும் வாசிப்பதையும் நாம் ஒன்று என்று நினைத்துக்கொண்டோம். நாம் என்றுதான் எழுதுகிறேன், கவனி.

ஒரே ஒரு காரியம் செய். இதுவரை நீ வகுப்பில் படித்துக் காட்டாத புத்தகம் ஒன்றை எடு. அந்தப் பதின்மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு ஒரு பக்கம் வாசிக்கச் சொல். உதவி செய்யாதே. உதட்டைக்கூட அசைக்காதே. நீ அசைப்பாய், எனக்குத் தெரியும்.

உன் தொண்டை கெட்டது என்னால்தான் என்றால், அதற்கு வருந்துகிறேன். மற்றதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை.

தங்கை

ஆகஸ்ட் 18

பதினேழு வருடம் வகுப்பில் நின்றவளுக்கு எந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும், எதற்குத் தெரியாது என்று தெரியாதா? நாற்காலியில் உட்கார்ந்து கோடு போட்ட தாளைப் பார்ப்பவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். வாய் மூடாமல் பேசுவதால் எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடுகிறோம். கதையில் எந்த இடத்தில் என்ன கேட்டாலும் முதலில் கை தூக்குவது அவள்தான். யார் என்ன நினைத்தார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று பெரியவர்களுக்குத் தோன்றாததையெல்லாம் சொல்வாள். அவளும் கறுப்பு என்றுதான் எழுதியிருக்கிறாள். இதிலிருந்தே உன் கேள்வியின் லட்சணம் தெரியவில்லையா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

செப்டம்பர் 2

பதில் எழுத வேண்டாம் என்று சொன்னேன், நீயும் எழுதவில்லை. சொன்ன பேச்சை இந்த ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாய். அதனால் நானே எழுத வேண்டியதாகிவிட்டது.

நீ சொன்னதைச் செய்தேன். உன்னைப் பொய்யாக்க வேண்டும் என்று முதலில் ரேடியோவைத்தான் கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளை, வகுப்பில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். புதிதாக வந்து இன்னும் எண் ஒட்டாத புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தேன். ஏரிக்கரையில் வாத்தைத் தேடும் ஒருவரைப் பற்றியது.

புத்தகத்தை விரித்தாள். படத்தைப் பார்த்தாள். கொஞ்சமும் தயங்காமல் ஆரம்பித்தாள். "ஒரு ஊர்ல ஒரு தாத்தா இருந்தாரு. அவருக்குக் காது கேக்காது. அதனால ஒரு வாத்து வளத்தாரு. யாராவது கதவத் தட்டினா வாத்து வந்து அவர் கால மிதிக்கும்." விரல் வரியின் கீழே ஓடுகிறது, சரியான இடத்தில் பக்கம் திருப்புகிறாள். புத்தகத்தில் தாத்தாவும் இல்லை, காது கேட்காததும் இல்லை. அவள் சொன்னது புத்தகத்தில் இருந்த கதையைவிட நல்ல கதை.

முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். முதல் வரியின் முதல் சொல்லைத் தொட்டு, "இது என்னம்மா?" என்றேன். வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பெண் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. கடைசியில், "எங்க அம்மாகிட்ட சொல்லாதீங்க டீச்சர்" என்றாள்.

அவள் அம்மா துணி ஆலையில் தைப்பவள். போன மாதம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்ல தம்பிக்குத் தினமும் புத்தகம் படிச்சுக் காட்டுறா டீச்சர். எனக்குப் படிப்பு ஏறல, இவளுக்காவது வந்துச்சே" என்று சொன்னாள். நான் பெருமையாகச் சிரித்தேன்.

அந்த வாரம் முழுக்க மற்றவர்களையும் கூப்பிட்டேன். பதின்மூன்றில் இரண்டு பேர் வெறும் சோம்பேறிகள். வாசிக்கத் தெரியும், வரியைப் பார்க்கத்தான் தோன்றவில்லை. மற்றப் பதினொரு பேருக்கும் ஒரு வரி முழுதாக வாசிக்க வரவில்லை. ஒருவன் முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறான். ஒருத்தி என் உதட்டையே பார்த்தாள். ஆமாம், அசைத்துவிட்டேன்.

தலைமையாசிரியை கொடுத்த மாதிரி வினாத்தாளையும் தினமும் செய்கிறோம். இந்தப் பதினொரு பேரும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து வட்டம் போடுகிறார்கள். வினாத்தாளுக்கும் அவர்களைத் தெரியவில்லை, எனக்கும் இதுவரை தெரிந்திருக்கவில்லை.

டிசம்பருக்குள் இவர்களை வாசிக்க வைக்கப் போகிறேன். எப்படி என்று தெரியாது. ஆனால் வைப்பேன். உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. திட்டுவதற்கு இருந்தால் அதையும் சேர்த்தே எழுது.

அக்கா

செப்டம்பர் 8

அக்கா,

திட்ட ஒன்றும் இல்லை. எனக்கும் ஒரு ரேடியோ இருந்தாள்.

நீ எங்கே போனாலும் "என் தங்கச்சி கதை சொன்னா சுவரும் கேக்கும்" என்று சொல்வாய், நினைவிருக்கிறதா? நான் வேலையை விட்ட வருடம், ஜூலையில், ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து என் வகுப்பு வாசலுக்கு அழைத்து வந்தார். முந்தைய வருடம் என்னிடம் படித்தவள். நான் சொன்ன கதைகளையெல்லாம் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வாள். அவர் என் பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார்: "இவளுக்குப் போர்டுல எழுதின ஒரு வரி படிக்கத் தெரியல. வருஷம் பூரா என்ன பண்ணீங்க?" அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

பிறகு நான்கு மாதம் வகுப்புக்கு வந்தேன். ஒவ்வொரு முகத்தையும் பார்க்கும்போது உனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா என்றே ஓடிக்கொண்டிருந்தது. கதை வாயில் வரவில்லை. போய்விட்டேன். உன்னிடம் எப்படிச் சொல்வது? கேட்ட சுவருக்கு எழுத்துத் தெரியாது என்றா? ஓடிப்போனவள் என்று நீ சொன்னது சரிதான். எதிலிருந்து என்று நீ கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

ரேடியோவுக்கு வேறு யார் கதையும் வேண்டாம். அவள் சொல்வதையே நீ எழுது. அவள் சொன்ன சொல்லிலேயே, திருத்தாமல், பெரிய எழுத்தில், ஒரு தாளில் நான்கு வரி. தன் வாயிலிருந்து வந்தது என்பதால் பாதி அவளுக்குத் தெரிந்திருக்கும். நான்கு நாள் அதையே வாசிக்கட்டும். ஐந்தாம் நாள் ஒரே ஒரு சொல்லை மாற்றி எழுதிக் கொடு. சொல்லாதே. அவள் ஒப்பிக்கிறாள் என்றால் கவனிக்க மாட்டாள். வாசிக்கிறாள் என்றால் கண்டுபிடிப்பாள்.

மற்றவர்களுக்கும் அப்படியே. எழுத்து தெரியாதவர்களுக்கு எழுத்திலிருந்து ஆரம்பி, வெட்கப்படாதே. ஒருவருக்குத் தினம் ஐந்து நிமிடம் போதும், ஆனால் தினம் வேண்டும்.

கதை நேரத்தை விட்டுவிடாதே. கடைசிப் பீரியட் இல்லை என்றால் வேறு நேரம் பார். கதை மேல் ஆசை இல்லாத பிள்ளை எதற்காக இவ்வளவு கஷ்டப்பட வேண்டும்?

தங்கை

அக்டோபர் 4

குட்டி,

இப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு வாரம் பதில் எழுதக் கை வரவில்லை. பிறகு எழுத நேரம் வரவில்லை.

காலை மணி எட்டே முக்காலுக்கு அடிக்கும். பதினொரு பேரையும் எட்டு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். காவலாளி கேட்டைத் திறக்க முணுமுணுத்தார். "உங்களுக்குத்தான் வேற வேலை இல்ல டீச்சர்" என்றவர் மூன்றாம் நாளிலிருந்து தானே திறந்து வைத்து, வராண்டாவில் பெஞ்சையும் போட்டுவிடுகிறார்.

ஒருவன் இரண்டாம் வாரம் நின்றுவிட்டான். வீட்டுக்கே போய்க் கூட்டி வந்தேன். இன்னொருத்திக்கு எழுத்து பிசகுவதற்குக் காரணம் கண். கண்ணாடி வந்ததும் பலகையைப் பார்த்து, "இவ்வளவு எழுதியிருக்கீங்களா?" என்றாள். மூன்று வருடமாக அந்தப் பிள்ளையை மந்தம் என்று குறித்து வைத்திருக்கிறோம். என் கையெழுத்திலும் ஒரு குறிப்பு இருக்கிறது.

ரேடியோவைப் பற்றித்தானே கேட்கக் காத்திருக்கிறாய்? பூனைக் கதை ஒன்று சொன்னாள். "பூனை கூரை மேல ஏறிடுச்சு. இறங்கத் தெரியல. அழுதுச்சு. யாரும் வரல." அப்படியே எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் விரல் வைத்து வாசித்தாள். ஐந்தாம் நாள் பூனைக்குப் பதில் பானை என்று எழுதிக் கொடுத்தேன்.

மளமளவென்று பூனை என்றே சொல்லிக்கொண்டு போனாள். இறங்கத் தெரியல என்ற இடத்தில் நின்றாள். திரும்ப முதல் வரிக்கு வந்தாள். முகத்தைத் தாளுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். "பா..." என்றாள். "பா... னை." என்னை முறைத்தாள். "எம் பூனையப் பானையாக்கிட்டீங்களா டீச்சர்? பானை எப்படி அழும்?"

நான் எழுந்து வராண்டா ஓரம் போய் நின்றுகொண்டேன். அவள் விடவில்லை. பென்சிலை வாங்கி, பானையை அடித்துவிட்டுப் பூனை என்று தானே எழுதினாள். ஒரு எழுத்தில் சுழி தப்பு. இருக்கட்டும்.

இப்போது என் முறை. உன் ஏழாம் கேள்வியை வகுப்பில் மறுபடி வாய்விட்டுக் கேட்டேன், அவள் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று. ஒருவன் சொன்னான்: "சொன்னா குடைக்காரங்க அன்னைக்கு நனஞ்சாங்களான்னு தெரிஞ்சிடும். அது தெரியாம இருக்கறதே அவளுக்கு நல்லது." இன்னொருத்தி: "திருப்பி வச்சாச்சே, இன்னும் எதுக்குச் சொல்லணும்?" ரேடியோ: "அடுத்த மழைக்கும் எடுக்கலாம்னு நினைச்சிருப்பா." இதில் எதற்கு நீ சுழி போடுவாய்? நீ சொன்னதை நான் கேட்டேன். நீயும் கேள்.

அக்கா

அக்டோபர் 23

அக்கா,

மூன்று பதில்களையும் தாளில் எழுதி மேலதிகாரியிடம் கொண்டு போனேன். வாசித்தார், சிரித்தார், மேஜை மேல் என் பக்கமே தள்ளிவிட்டார். "ஒரு கேள்விக்கு நாலு விடைன்னா திருத்துறவங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்றார்.

"வாசிப்பாங்க சார்" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும் போனேன். நான்காம் நாள், "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார். டிசம்பர் தாளில் ஒரே ஒரு கேள்வி. கட்டம் கிடையாது, மூன்று கோடு மட்டும். "ஏன் என்று நீ நினைக்கிறாய்? கதையில் எந்த வரி அப்படி நினைக்க வைத்தது?" வரியைக் காட்டினால் எந்தப் பதிலுக்கும் மதிப்பெண். வரி இல்லாமல் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் கிடையாது. உன் ரேடியோவுக்கும் கிடையாது.

கடைசியில் ஒத்துக்கொண்டார். அந்தக் கேள்வியை மட்டும் அத்தனை தாளிலும் நானே திருத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான்காயிரத்துச் சொச்சம் தாள். நான் பின்வாங்குவேன் என்று நினைத்திருப்பார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர், "உங்க அக்காவா?" என்று மட்டும் கேட்டார்.

கண்ணாடி போட்ட பெண்ணை முன் வரிசையிலேயே வைத்திரு. பழைய குறிப்பை நீயே அடித்துப் புதிதாக எழுது. அடுத்த ஆசிரியர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

ரேடியோவின் அம்மாவிடம் எப்போது சொல்லப் போகிறாய்?

குட்டி

டிசம்பர் 19

குட்டி,

தேர்வு முடிந்தது. தாள்கள் கட்டாகி உன் பக்கம் கிளம்பிவிட்டன. வாசித்து வாசித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

முழு உண்மையைச் சொல்கிறேன். பதினொரு பேரில் ஐந்து பேர் இப்போது வாசிக்கிறார்கள். ஆறு பேர் இன்னும் இல்லை. டிசம்பருக்குள் என்று சவடால் விட்டேன், முடியவில்லை. தலைமையாசிரியையிடம் பட்டியல் வருவதற்கு முன் நானே போய்ச் சொல்லிவிட்டேன். யார் யார், எது வரும், எது வராது என்று ஒவ்வொரு பெயராக. கோபப்படுவார் என்று பார்த்தேன். பெயர்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். கதை நேரம் வாரத்தில் இரண்டு நாள் திரும்ப வருகிறது. ஐந்து நாளும் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

நீ கேட்ட விஷயம். அவள் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ரேடியோவிடமே விட்டேன். "நீ எப்ப சொல்றியோ, அப்ப நானும் பக்கத்துல இருக்கேன்" என்றேன். இரண்டு மாதம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போன திங்கள்கிழமை தானாக வந்து, "நாளைக்கு அம்மாவுக்கு ஷிப்ட் மதியத்துக்கு மேல. காலைல வரச் சொல்றேன் டீச்சர்" என்றாள்.

எட்டு மணிக்கு அம்மா வந்தாள். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்ற பயம் முகத்தில். மற்றப் பிள்ளைகளை வகுப்புக்குள் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தோம். ரேடியோ அலமாரிக்குப் போய், நான் யாருக்கும் படித்துக் காட்டாத புத்தகம் எது என்று கேட்டு, அதையே எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில் ஏழு வரி. படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, தப்பாகச் சொல்லி, திரும்ப வந்து. மூன்றாம் வரியில் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாள். நான் வாய் திறக்கப் போனேன், "சொல்லாதீங்க" என்றாள். காத்திருந்தோம். காவலாளிகூடக் கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அந்தச் சொல்லை அவளே தாண்டினாள்.

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்து, "என்ன டீச்சர், வீட்ல கடகடன்னு படிப்பாளே. உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

ரேடியோ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அது படிக்கிறதில்லம்மா. அது நானா சொல்றது. இதுதான் படிக்கிறது."

எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது, போகவில்லை. பிறகு அம்மா பையை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். மகளை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சரி, படி. மெதுவாவே படி" என்றாள்.

ஏழு வரிக்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

ஜனவரியில் உன் திருத்தும் வேலை முடிந்ததும் உனக்குப் பத்து நாள் விடுமுறை என்று எனக்குத் தெரியும். ஆறு பேர் இருக்கிறார்கள், நான் ஒருத்தி. இரண்டு பேருக்கு உயிர்மெய் எழுத்து ஏறவே இல்லை, நான் சொல்லும் விதம் சரியில்லையோ என்னவோ. நீ வந்து பார். கதை சொல்ல வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். எட்டு மணிக்கு. தாமதமாக வராதே, அவர்கள் ஏழே முக்காலுக்கே வந்துவிடுகிறார்கள்.

அக்கா